மோட்டார் ரூம் பாபா

மாதனூர் அருணகிரியை ஷூ கம்பெனியில் தெரியாதவர்கள் கிடையாது. தையல் லைனுக்குச் சூப்பர்வைசர். அவர் வருகிறார் என்றாலே பேச்சு நின்று மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். வாய் அப்படி. கம்பெனி பஸ்ஸிலும் அவர் பக்கத்து சீட் காலியாகத்தான் வரும். கால் கடுக்க நின்றாலும் நிற்பார்களே தவிர, யாரும் அதில் உட்காரமாட்டார்கள்.

ஒருநாள் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும், சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனைவி ஜோதி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மகள் எழுந்து நின்றாள். மனுஷனுக்குச் சுருக்கென்றது. கத்துகிற இந்த ஆள்தான் நானா, இல்லை, உள்ளே அமைதியாக வேறொருவன் இருக்கிறானா? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மகள் கல்யாணம் முடிந்த கையோடு வேலையை விட்டார்.

"யாரும் இல்லாத எடத்துல போய் ஒக்காந்து பாக்கறேன். நான் யாருன்னு தெரிஞ்சா வர்றேன்."

"இன்னாங்க இது கூத்து? நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? என்னக் கேளுங்க, சொல்றேன்" என்றாள் ஜோதி.

கேட்கவில்லை. கேட்டால் அவர் அருணகிரி இல்லையே!

அமிர்தி அருவிக்குப் போகிற வழியில், காட்டோரம் பழைய தோஸ்த் மஹபூப் பாஷாவின் நிலத்தில் ஒரு மோட்டார் ரூம் சும்மா கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார். கஞ்சி வைத்துக் குடித்தார். கோபமே வரவில்லை. கோபப்பட அங்கே ஆள் இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. உள்ளே இருப்பவன் நல்லவன்தான் போலிருக்கிறது என்று நிம்மதியானார்.

தாடியோடு ஒருவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? அருவி பார்க்க வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எலுமிச்சம்பழம் வந்தது. ஆம்பூரிலிருந்து தபஸ்ஸும் என்ற பெண் கைக்குழந்தையோடு வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"பாபா, கொயந்த ராவெல்லாம் அழுவுது. ஓதி ஊதிக் குடுங்க."

அருணகிரிக்கு ஓதவா தெரியும்? குழந்தையின் அழுகையைத் தாங்கமாட்டாமல் தண்ணீரில் வெறுமனே ஊதிக் கொடுத்தார். அங்கேதான் தப்பு. குழந்தை அன்றைக்குப் பார்த்துத் தூங்கித் தொலைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூமைச் சுற்றி ஒரே கூட்டம், எல்லார் கையிலும் பாட்டில். தள்ளுமுள்ளில் ஒரு கர்ப்பிணி விழப்போனாள். அருணகிரி எழுந்துவிட்டார்.

"ஏய்! இன்னா சந்தையா இது? பொம்பளைங்க ஒரு லைன், ஆம்பளைங்க ஒரு லைன்! மூடியக் கழட்டி ரெடியா வெச்சிக்கணும்! யோவ் வெள்ளச்சட்டை, உனக்குத் தனியா சொல்லணுமா?"

கூட்டம் கப்சிப். லைன் பிசகாமல் நின்றது. கர்ப்பிணியைக் கூப்பிட்டுத் தன் பாயில் உட்காரவைத்தார். காட்டுக்கு வந்த நாளிலிருந்து இல்லாத சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடியது. அது புரிந்ததும் கூசிப்போனார். உள்ளே வேறு எவனும் இல்லை. கத்துகிற இவன்தான்.

லைனில் ஜோதியும் நின்றிருந்தாள். தன் முறை வந்ததும் பாட்டிலை நீட்டினாள்.

"உனக்கு இன்னா ஒடம்புக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க கத்தறது ரோடு வரைக்கும் கேக்குது. தொண்ட வறண்டிருக்கும், குடிங்க."

"நான் மாறவே இல்ல ஜோதி. அதே ஆளுதான்."

"கத்தறது நீங்கதான். மாசமா இருக்கற பொண்ணக் கூப்ட்டுப் பாய் குடுத்தீங்களே, அதுவும் நீங்கதான். கத்தறவர நாங்க தெனமும் பாத்தோம். இவர ஒரு நாளும் எங்க கண்ணுல காட்டலியே."

அருணகிரி பாட்டிலை வாங்கி நிதானமாகக் குடித்தார். லைனில் பின்னால் நின்றவர்கள் யாரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கக்கூட இல்லை. அவர்களுக்குப் பயம்.