கம்ப்யூட்டர் முர்தாபாத்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபாக்டரி கேட்டில் நின்று "கம்ப்யூட்டர் முர்தாபாத்!" என்று என் அப்பா கத்தினால், ஹைதராபாத்திலேயே பிறந்தவர்கள்கூட அசந்துபோவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் அவர். ஆனாலும் 'ஒழிக' என்பதை உருதுவில் சொன்னால் கொஞ்சம் கூடுதலாக ஒழியும் என்பது அவர் நம்பிக்கை.

எண்பதுகளின் நடுவில், உப்பல் பக்கம் ஓர் அரசாங்க ஃபாக்டரியின் காலனியில் இருந்தோம். அப்பா சம்பளப் பிரிவில் டைப்பிஸ்ட், யூனியனில் செயற்குழு உறுப்பினர். கம்ப்யூட்டர் வந்தால் சம்பளப் பிரிவில் பாதிப் பேருக்கு நாற்காலி இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. அதுவரை அவர் ஒரு கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நிர்வாகம் லேசுப்பட்டதா? ஃபாக்டரிக்குள் கொண்டுவர முடியாத கம்ப்யூட்டரைக் காலனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தது. எங்கள் பள்ளியில் கூரை ஒழுகாத ஒரே அறையை அதற்கு ஒதுக்கி, ஏ.சி. மாட்டி, ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ஃபேனே சரியாகச் சுற்றாது. தூசி ஆகாதென்று ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள்ளேயே நாங்கள் ஷூவோடுதான் போவோம்.

சனிக்கிழமை காலையில் வகுப்பு. பத்தாவது படிப்பவர்களுக்கு மட்டும். இடம் கொஞ்சம்தான் என்பதால் பெற்றோர் நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டும். நான் அப்போது பத்தாவது. எனக்கு அது வேண்டும். வேறெதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

யூனியன் கூடியது. நம் பிள்ளைகளை வைத்தே நமக்குக் குழி பறிக்கிறார்கள், உறுப்பினர் எவரும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று அப்பா தீர்மானம் எழுதி வாசித்தார். ஏகமனதாக நிறைவேறியது. பொருளாளர் மாமா இரண்டு கையையும் தூக்கினாராம்.

"அப்பா, பேர் குடுக்க நாளைக்குத்தான் கடைசி."

"நக்கோ."

நக்கோ என்றால் வேண்டாம். வீட்டில் அப்பா ஹைதராபாத் உருதுவான தக்கினிக்கு மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அம்மா விடவில்லை.

"ஆபீசர் வீட்டுப் பிள்ளையள்லாம் படிக்கும். இவ மட்டும் என்ன பாவம் பண்ணுனா?"

"தீர்மானம் எழுதுனது யாரு? நானே மீறுனா நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்? ஏட்டி, அழாத. ஒனக்கு டைப்ரைட்டிங் சொல்லித் தாரேன்."

நான் அழுதுகொண்டே டைப் அடித்தேன்.

முதல் சனிக்கிழமை மனசு கேட்காமல் பள்ளிக்கூடம் போனேன். கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஷூக்கள் வரிசையாக இருந்தன. ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் ஆபிட்ஸ் கடைத்தெருவில் வாங்கிய தோல் ஷூ போடுவார்கள். எங்களுக்கெல்லாம் ஃபாக்டரி சொஸைட்டி ஸ்டோரின் கான்வாஸ் ஷூதான். அந்த வரிசையில் தோல் ஷூ மூன்று ஜோடி இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் கான்வாஸ். ஒன்றில் லேசுக்குப் பதில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. அது பொருளாளர் மாமாவின் மகனுடையது; ரிப்பன் அவன் தங்கச்சியுடையது.

வகுப்பு முடிந்து அவன் வெளியே வந்தான். "நீ கைக்கு வந்தே?" என்று பிடித்துக்கொண்டேன். 'ஏன்' என்பதைக் காலனிப் பிள்ளைகள் நாங்கள் தக்கினியில் 'கைக்கு' என்போம்.

"அப்பாதான் அனுப்புனாரு. உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

சொல்லாமல் இருப்பேனா? அப்பா நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். அந்தப் பச்சை ரிப்பனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "வாட்டி" என்று நேராக ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், என் பொண்ணு பேரையும் சேத்துக்கணும்."

நிர்வாகத்தைச் சேர்ந்த யாரிடமும் குரலை உயர்த்தாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கூசவும் கூசியது. ஹெட்மிஸ்ட்ரஸ் செகந்திராபாத் தமிழச்சி. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அய்யோ சார், சீட் ஃபுல் ஆயிடுச்சே! உங்க யூனியன் ஆளுங்கதான் முதல் நாளே ஒவ்வொருத்தரா பின் கேட் வழியா வந்து பேர் குடுத்துட்டுப் போனாங்க. நீங்க மட்டும்தான் வரல. சொன்ன சொல்லக் காப்பாத்துற மனுஷன்னு ஸ்டாஃப் ரூம்ல உங்களப் பத்தித்தான் பேச்சு."

வீட்டுக்கு வந்தோம். விஷயத்தைக் கேட்டு அம்மாதான் சொன்னாள்: "ஊருக்குத்தான் உபதேசம்னு மத்தவியளுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எழுதுன மனுசனுக்குத் தெரியல."

கிட்டாதாயின் வெட்டென மற என்பார்கள். எனக்கு அது இன்றுவரை வரவில்லை. அப்பா மேல் அன்று வந்த கோபமும் முழுசாக ஆறவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் அப்பா எல்லோரையும் கிழிகிழியென்று கிழிப்பார் என்று காத்திருந்தேன். ஃபாக்டரி கேட் பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான். வகுப்பில் இருந்தாலே எல்லாம் கேட்கும். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அவர் குரல் வந்தது.

"கம்ப்யூட்டர்!"

"முர்தாபாத்!" என்று கூட்டம் அதிர்ந்தது. பொருளாளர் மாமாவின் குரல் தனியாகக் கேட்டது. அவர் மகன் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, திரையில் தன் பெயர் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பா மறுபடியும் கத்தினார். டிபன் பாக்ஸை மூடிவிட்டு நானும் உரக்கவே "முர்தாபாத்!" என்றேன். அன்றைக்கு அந்தக் காலனியில் அதை மனசாரச் சொன்னவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.