டயர் எழுத்துக்கு வெள்ளை தீட்டிய எங்கள் அக்கா

எழுதிப் பழக்கமில்லாத என்னிடம் இந்த வேலை வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புடன் என் படிப்பு நின்றது. அக்காவைப் பற்றிச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லாதபடியால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது மன்னாரில் கீரி என்ற ஊரில். அம்மாவையும் அப்பாவையும் சின்ன வயதிலேயே இழந்த எனக்கு, சோறு தந்ததும் தலை வாரிவிட்டதும் அவர்தான். சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனபோது என்னைத் தன் சேலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அங்கே முகாமில் அத்தானைக் கலியாணம் செய்தார். முகாம் ஆண்கள் பலரைப்போல அத்தானும் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். ஒரு நாள் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். அவருடைய தூரிகைகளை அக்கா எடுத்துக்கொண்டார். முகாமுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கராஜில் வாகன இலக்கங்கள் எழுதினார். டயர்களின் பக்கத்தில் மேடாக எழும்பி நிற்கும் எழுத்துகளுக்கு வெள்ளை தீட்டவும் அங்கேதான் பழகினார்.

ஊருக்குத் திரும்பித் தோட்டவெளியில் குடியேறிய பிறகு அதுவே எங்கள் சீவியமானது. வாடகைக்கு ஓடும் ஹயர் வான்காரர் எங்கள் வீட்டு வளவுக்கு வருவார்கள். நான் சில்லுகளைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கொடுப்பேன். அக்கா பாயில் சம்மணமிட்டு இருந்து தீட்டுவார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியாது. மேடு எங்கே முடிகிறதோ அங்கே அவருடைய தூரிகையும் நிற்கும். சோளகக் காற்றில் மணல் பறந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும் என்பதால் அந்த மாதங்களில் சில்லுகளை வீட்டுக்குள் உருட்டி வந்து, யன்னல்களைப் பூட்டிவிட்டு வியர்த்தபடியே வேலை செய்வார். பெயின்ட் மணத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படுத்தோம்.

அக்காவின் ஒரே மகன், என் மருமகன், வளர்ந்து சொந்தமாக ஒரு வான் எடுத்தான். அதன் டயர்களுக்கு அக்கா தீட்டும்போது அவன் பக்கத்தில் குந்தியிருந்து பகிடி விட்டான்.

"அம்மா, எனக்குப் பொம்பிளை பாக்கேக்கை படத்தைக் குடுக்காதேங்கோ. டயரைக் காட்டுங்கோ."

"உன்ரை மூஞ்சையை விட டயர் வடிவுதான்ரா."

சொல்லிவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் தூரிகை வழுக்கி, கடைசி எழுத்துக்கு ஒரு வால் முளைத்துவிட்டது. துடைக்கப் போனவரின் கையை மருமகன் பிடித்துக்கொண்டான். "விடுங்கோ அம்மா, அது கிடக்கட்டும்" என்றான்.

அடம்பனுக்குப் போகும் வழியில், ஒரு மதகடியில், வீதியில் படுத்திருந்த மாடுகளுக்கு விலத்தப் போய் அவனுடைய வான் புரண்டது. அவன் வீட்டுக்கு உயிரோடு வரவில்லை. நொறுங்கிய வானைப் பகுதி பகுதியாகக் கழற்றி விற்றார்கள்.

அதன் பிறகு கனகாலம் அக்கா எந்த மோட்டார் வாகனத்திலும் ஏறவில்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்தார். தூரமென்றால் என் சைக்கிளில் வந்தார். ஆனால் வேலையை விடவில்லை.

எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் அந்தலையில், கடைசி வீட்டில் இருக்கும் சீலன் தம்பி ஒரு நாள் தன் வானுக்கென்று பாவித்த டயர்கள் நாலு கொண்டுவந்தார். அக்கா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தவர், ஒன்றில் கையை வைத்தபடியே இருந்துவிட்டார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளை மங்கியிருந்தது. வால் இருந்தது.

"இது எங்கை எடுத்தனீங்கள் தம்பி?"

"ரவுணிலை, பழைய டயர் விக்கிற இடத்திலை அக்கா. பழசுதான், ஆனா இன்னும் தேயேல்லை."

மற்ற மூன்றையும் தீட்டிக் கொடுத்தார். அதை மட்டும் குசினிச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். சீலன் வரும்போதெல்லாம் பெயின்ட் காயவில்லை என்று சொன்னார்.

"என்னக்கா, மன்னார் வெயிலுக்குக் கருவாடே காய்ஞ்சு முறுகுது. உங்கடை பெயின்ட் மட்டும் காயேல்லையோ?"

நான் அவரை ஒழுங்கைக்குக் கூட்டிப்போய் விசயத்தைச் சொன்னேன். அவர் திரும்பி வந்து அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "அது வேண்டாம் அக்கா. நான் எங்கையாவது எறிஞ்சுவிடுறன்."

"எறிஞ்சா ஆரோ ஒரு ஆள் எடுத்துத் தன்ரை வானுக்குப் பூட்டும். அது ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "நீங்களே ஓட்டுங்கோ. உங்களை எனக்குத் தெரியும்."

அன்றே அதைத் தீட்டினார். வாலைத் தொடவில்லை. நான் சில்லை வானில் பூட்டி முடித்ததும், "என்னை ஒருக்கா அந்த மதகடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி" என்று சீலனிடம் கேட்டார். அந்தச் சில்லுக்கு மேலே உள்ள இருக்கையில் போய் இருந்தார். நானும் ஏறினேன். மதகடியில் அன்றும் மாடுகள் வீதியில் படுத்திருந்தன. அக்கா இறங்கி, ஒரு தடியை முறித்துக்கொண்டு, "போங்கோ, வீட்டை போங்கோ" என்று ஒவ்வொன்றாக எழுப்பிக் கலைத்தார். வீதி வெறுமையான பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து அதே இருக்கையில் ஏறி இருந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் மம்மல் நேரத்தில் அக்கா வாசல் படலையடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். சீலனின் வான் கடந்து போனால்தான் எழும்புவார். சில நாட்களில், "தம்பி வந்திட்டார்" என்று சொல்லுவார். சில நாட்களில், "மகன் வந்திட்டான்" என்று சொல்லுவார். நான் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்லும் நாட்களில் நானும் ஒழுங்கையை எட்டிப் பார்ப்பேன்.

அக்காவின் இறுதி நாட்கள் மன்னார் ஆஸ்பத்திரியில் கழிந்தன. பேச்சு குறைந்த பிறகும் பொழுதுபட்டால் கண்ணைத் திறந்து, "வந்திட்டுதோ?" என்பார். நான் சீலனுக்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லுவேன். கடைசிப் பின்னேரம் அவரே நேரில் வந்து, கட்டிலடியில் குனிந்து, "வந்திட்டன் அக்கா" என்றார். அக்கா அவரை வடிவாக உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். மறுநாள் காலையில் இறைவனடி சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சீலன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணை, அந்த வால் டயரை நான் மாத்திக் கனகாலம். பாவம், அக்கா அது இன்னும் ஓடுதெண்டு நினைச்சுத்தான் இருந்தவ போலை."

"இல்லைத் தம்பி. நீங்கள் மாத்தின புதுசுக்கும் அவதானே எழுத்துக்கு வெள்ளை அடிச்சவ."

அவர் நடையை நிறுத்திவிட்டார். "அப்ப பிறகேன் பாத்துக்கொண்டிருந்தவ?"



துயரச் செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், வார்ட்டில் அக்காவைத் தங்கள் தாய்போலப் பார்த்த நேர்ஸ் பிள்ளைகளுக்கும், கதிரையும் கொட்டகையும் தந்து சமைத்தும் தந்த அயலவருக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், முப்பத்தோராம் நாளான இன்று எங்களோடு இருக்கும் எல்லோருக்கும் என் நன்றி.

சீலன் தம்பிக்குத் தனியாக ஒரு சொல். நேரில் கேட்க எனக்கு வாய் வராது. அக்கா போன பிறகு நீங்கள் எங்கள் படலையைத் தாண்ட மனமில்லாமல், பெரிய வீதியால் சுற்றி வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அறிந்தேன். அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பழையபடி எங்கள் ஒழுங்கையால் வாருங்கள். நிற்கத் தேவையில்லை, இறங்கத் தேவையில்லை. நீங்கள் கடந்து போகும்வரை இங்கே எனக்குக் கண் மூட முடியவில்லை.

பிரிவால் வாடும்
தம்பி
தோட்டவெளி, மன்னார்