மூன்றாவது பெட்டி

கரண்ட்காரருக்கு மாமனார் வீட்டில் இருபத்தாறு வருஷமாகத் தனி மரியாதை. ஃபியூஸ் போனாலும் அவர்தான், மிக்ஸி சுற்றாவிட்டாலும் அவர்தான். "மூத்த மாப்பிள்ளை கையை வச்சா எரியாததும் எரியும்" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கரண்ட்காரர் காதில் விழாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்வார்.

அந்த மரியாதைக்கு ஆபத்து ஒரு ரயிலில் வந்தது. பொம்மை ரயில் என்றால் அவருக்குக் கோபம் வரும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு வருஷமாகப் பின்னறை மேஜையில் தண்டவாளம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் அதைப் பார்த்து ஆசைப்பட்டு அவருடைய சகலையும் ஒன்று ஆரம்பித்தார். சகலைக்குத் தொழில் பல் ஆஸ்பத்திரிக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது.

இருவரும் பெட்டிகளுக்குள் விளக்குப் போட்டார்கள். கரண்ட்காரர் முறைப்படி தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மின்சாரம் எடுத்தார். சக்கரத்தில் கொஞ்சம் தூசி பட்டாலும் விளக்கு இமைத்தது. பல்காரர் பெட்டிகளோ கண் கொட்டாமல் எரிந்தன.

மாமனாருக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. "பெரியவர் வண்டியைப் பார்த்து, என் கண்ணுதான் இன்னும் சரியாகலையோன்னு பயந்துட்டேன். சின்னவர் வண்டியைப் பார்த்த பிறகுதான் நிம்மதி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கரண்ட்காரரும் சிரித்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பல்லு செய்யறவன் எனக்கு வயரிங் காட்டறான்" என்று வீட்டில் பொருமினார்.

"வாய்க்குள்ள பொருந்தற மாதிரி வேலை செஞ்ச கை. ரயில் பெட்டி எம்மாத்திரம்?" என்றாள் மனைவி. தங்கையின் புருஷனை அவள் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் எல்லாரும் சகலை வீட்டில் கூடினார்கள். கூடத்தில் டீ ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட்காரர் கை கழுவுகிற சாக்கில் ரயில் அறைக்குள் நுழைந்தார். மூன்றாவது பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழிப்பறை ஜன்னலுக்கு மேல் அழுத்தியதும் கூரை கழன்றது. உள்ளே குட்டி இருக்கைகள், வண்ணம் தீட்டிய பயணிகள், ஒரு மூலையில் பொத்தான் அளவு வாட்ச் பேட்டரி.

தண்டவாளத்துக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை! அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது. இந்தக் குறுக்கு வழியிலா ஒரு வருஷமாகப் பேர் வாங்கியிருக்கிறான்? பேட்டரியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாகச் செருகிக் கூரையை மூடினார்.

திரைச்சீலைகளை இழுத்து அறையை இருட்டாக்கினார்கள். வண்டி கிளம்பியது. இரண்டு பெட்டிகள் ஜொலித்தன. மூன்றாவது கருப்பாக வந்தது.

"என்ன சின்னவரே, மூணாவது பெட்டியில எல்லாரும் தூங்கிட்டாங்களா?" என்றார் மாமனார்.

"காலையில எரிஞ்சுதே மாமா." பல்காரருக்கு வேர்த்துவிட்டது.

"பெரியவர் இருக்கும்போது என்ன கவலை? மாப்ளே, கையை வைங்க."

ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. கரண்ட்காரர் பெட்டியை வாங்கினார். கட்டைவிரல் தானாக அந்த ஜன்னலுக்கு மேல் போய் அழுத்தியது. பேட்டரி தலைகீழாகக் கிடந்தது. திருப்பிப் போட்டார். பயணிகள் முகமெல்லாம் பளிச்சென்றது. அறையே கைதட்டியது. அவர் மனைவி மட்டும் தட்டவில்லை.

"எப்படிண்ணே? அந்தக் கூரையைத் திறக்க நானே அஞ்சு நிமிஷம் தடவுவேன்!"

"எல்லாம் அனுபவம் தம்பி."

பல்காரர் குரலைத் தாழ்த்தினார். "பேட்டரி வச்சிருக்கறதை மாமாகிட்டச் சொல்லிடாதீங்கண்ணே. தண்டவாளத்துல இருந்து எடுக்க எனக்கு வரலை. அடுத்த ஞாயிறு உங்க வீட்டுக்கு வர்றேன், சொல்லிக்குடுங்க."

பேட்டரி விஷயத்தை எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கத்தான் அவர் நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. இனி எப்படிச் சொல்வது? பக்கத்தில் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தும், தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்: "அந்தக் கூரை எங்க திறக்கும்னு விரலுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

அவர் ஹாரன் அடித்தார். முன்னால் யாரும் இல்லை.

"வேணும்னே மாத்திப் போட்டீங்களா, அவசரத்துலயா?"

"அவசரத்துல." ஒரு தெரு கடந்தது. "எனக்கே சரியாத் தெரியலை."

"என் தங்கச்சி காதுக்குப் போகாது. ஆனா அடுத்த ஞாயிறு அவர் வர்றதுக்குள்ள நம்ம வண்டி இமைக்கறது நிக்கணும். சொல்லிக்குடுக்கறேன்னு தலையாட்டியிருக்கீங்க."

வாட்ச் கடை வாசலில் ஸ்கூட்டரின் வேகம் மெல்லக் குறைந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள்.