வடை என்று சொன்னேன்

பிள்ளைகளே, எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர் சாப்பிடுவதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தவன் நான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்த மனிதர் எப்படிப் போனார் என்பதை மட்டும் இதுவரை சொல்லவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் பேக்டரி பஸ் ஓட்டினேன். அவர் அதே பேக்டரி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்த குடும்பம். வீட்டில் சுத்த சைவம். கல்யாணத்தன்று மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிவிட்டால் அந்த வாக்கு இறங்கிவிடும். மீன் குழம்பு ஊற்றிய சீயாமீஸ் லக்சா, இறால் போட்ட ஹொக்கியான் மீ நூடுல்ஸ், ஆச்சே ஆட்கள் வைக்கும் புளிக்கறி என்று தேடித்தேடிச் சாப்பிட்டோம்.

"கப்பல் ஏறத் தேவையில்ல தம்பி, உலகமே இந்தத் தீவுக்கு வந்து சமைக்குது" என்பார்.

பாலிக் புலாவ் பக்கம் ஒரு மீனவர் எங்களுக்கு பெலாங்காஸ் சுட்டுக் கொடுத்தார். கவிழ்த்த சட்டி போன்ற ஓடும், குச்சி போல நீண்ட வாலும் உள்ள நண்டு. முட்டையைத்தான் சாப்பிடுவது. அடுத்த மாதம் போனபோது அவர் கடலுக்குப் போயிருந்தார். அலையாத்தி மரங்களுக்கு நடுவே சேற்றில் ஒன்று ஊர்ந்தது. பார்த்துப் பழகியதுதானே என்று நாங்களே பிடித்துச் சுட்டோம். அதில் இரண்டு சாதி உண்டு, ஒன்று நஞ்சு என்பது எங்களுக்குத் தெரியாது.

ஒரு வாய் வைத்ததும் எனக்குச் சேற்று நாற்றம் அடித்தது.

"என்ன தம்பி, பஸ்ஸ மட்டும் பறக்க விடுற, ஒரு முட்டைக்குப் பயந்துட்டியா?"

"நாத்தம் தாங்கலண்ணே. நீங்களே சாப்பிடுங்க."

"அப்ப எனக்குத்தான் லாபம் லா."

திரும்பும் வழியில் உதடு மரத்துப்போகிறது என்றார். தொட்டுக்கொண்ட மிளகாய்ச் சம்பலின் காரம் என்று நான் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் என் இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "வேணாம், வீட்டுல விடு, படுத்தா சரியாயிடும்" என்றார், நாக்கு குழற.

ஆயர் ஈத்தாமில் அவர் வீட்டு வாசலில் இறங்கியவருக்குக் கால் நிற்கவில்லை. அக்கா என்று நான் கூப்பிடும் அவர் மனைவியும் நானும் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். "நாங்க சைவம். காலையிலை இட்டலி" என்றார் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். "வெளியில ஏதாவது?"

கட்டிலில் அவருக்கு வாய் அசையவில்லை. கண் மட்டும் என் மேல் இருந்தது. சொல்லாதே என்கிறார் என்று நினைத்தேன்.

"தேத்தண்ணி. வடை" என்றேன்.

அக்கா கவுண்டரில் பேர் பதியப் போகும்வரை காத்திருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். பிறகுதான் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நாங்கள் கட்டிலுக்கு வந்தபோது மூச்சு நின்றிருந்தது. குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். "ஏன் முதல்ல சொல்லல?" என்று கேட்டார் டாக்டர். இரண்டு நாள் இருந்தார். கண் திறக்கவே இல்லை.

அந்தப் பார்வை 'சொல்லிவிடு' என்பதாகவும் இருந்திருக்கலாம். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எட்டாம் நாள் அவர்கள் முறையில் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கை முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். அக்கா கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, மோதகம் வைத்திருந்தார். என்னை அடுப்படி ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதானே ஞாயிறு ஞாயிறா அவரோட திரிஞ்சனீங்க. வேறை ஏதும் விரும்பிச் சாப்பிட்டவரோ? இருந்தா சொல்லுங்கோ. செய்து வைக்கிறன்."

நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதத்தில், தெரிந்தும் கேட்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

"இல்லக்கா. உங்க சமையல்தான் உசத்தின்னு சொல்லுவாரு" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் சாப்பிடாமல் கிளம்பினேன். மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் சோறும் மீன் கறியும் ஒரு பொட்டலம் வாங்கினேன். மூன்று ரோடு சேரும் இடத்தில், மரத்தடியில் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மீன் துண்டைப் பிட்டு, முள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சோற்றின் மேல் வைத்தேன்.