கட்டிலுக்கடியில் பன்னிரண்டு சோடா

கோவிந்தராஜுலு பயப்படாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ரயில். போத்தனூரில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் அவர். எக்ஸ்பிரஸ் எதிரே வந்தாலும் பீடியைப் பற்றவைத்துவிட்டுத்தான் ஒதுங்குவார். மற்றபடி பல்லி, ஊசி, மாமனார், பட்டாசு எல்லாமே பயம். தீபாவளி மூன்று நாளும் என் சைக்கிள் கடைக்குள்தான் குடியிருப்பார். அந்த மனுசன்தான் 1994 சித்திரையில் சொந்தக் கையால் பன்னிரண்டு வெடி செய்து, அதன் மேல் மாசமாக இருந்த மனைவியைப் படுக்கவைத்தார்.

ராமாமணிக்கு அது கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து நின்ற கரு. எட்டாம் மாதம். அதிகம் நடமாடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ராமாமணிக்கோ கோலி சோடா மேல் ஆசை. கடைக் கலர் சோடா ஆகாது என்று கோவிந்தராஜுலு தண்டவாள ஓரத்துச் சப்பாத்திக்கள்ளிப் பழங்களைக் குறட்டால் பறித்து வந்தார். முள்ளை மணலில் தேய்த்துப் போக்கி, பிழிந்து வடிகட்டி, நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரோடு பானையில் ஊற்றித் துணி கட்டினார். மூன்றாம் நாள் பானை நுரைத்தது. பழைய கோலி பாட்டில்களில் நிரப்பித் தலைகீழாக மணலில் நட்டார். உள்ளே ஊறும் காற்றே கோலியைக் கழுத்தில் நெருக்கி அடைத்துவிடும். ஒரு நாள் போதும். காரம் ஏறட்டும் என்று இவர் ஐந்து நாள் விட்டார். அதுவும் சித்திரை வெயிலில். வீட்டில் குளிர்ந்த இடம் கயிற்றுக் கட்டிலுக்கு அடியாம் என்று பன்னிரண்டையும் அங்கே நிறுத்திவைத்திருந்தார்.

அன்று மத்தியானம் நான் பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ‘டொம்’ என்றது. என் சட்டித் தண்ணீர் மதுக்கரை வரை தெறித்தது.

“பாய்! ஓடியாங்க! ரத்தமுங்க!” கோவிந்தராஜுலுவின் குரல்.

ஓடினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து கதவு வரை செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. ராமாமணி கண்ணை இறுக மூடிக் கிடந்தார். கட்டிலருகே போய்க் கேட்டேன்.

“அம்மணி, வலிக்குதாங்க?”

“தெரியலீங்கண்ணா. முதுகுல சுள்ளுன்னுச்சு. வகுத்துல புள்ள அசையக் காணோமுங்க.”

கோவிந்தராஜுலு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். நான் குனிந்து அந்தச் சிவப்பைத் தொட்டேன். புளித்த வாசம். நாக்கில் வைத்தேன்.

“ஏனுங்க, உங்கூட்டம்மா ரத்தத்துல நாட்டுச்சர்க்கரை இருக்குதுங்க!”

பாட்டில் ஒன்று வெடித்துக் கள்ளிப்பழச் சாறு ஓடியிருந்தது. இரண்டாக மடித்து விரித்திருந்த பவானி ஜமக்காளம் கண்ணாடிச் சில்லைத் தடுத்திருந்தது. ஆனால் பிள்ளை இன்னும் அசையவில்லை. அடியில் பதினோரு பாட்டில்கள் ‘கிர்ர்’ என்று முனகின. தொய்ந்த கயிற்றுக்கும் அவற்றுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

“நான் எந்திரிக்கட்டுங்களா?”

“வேண்டாங்கண்ணு! கட்டில் ஆடும், பாட்டில் ஒண்ணோட ஒண்ணு முட்டும்!” என்று அலறினார் கோவிந்தராஜுலு.

“அப்ப பிரசவமும் இது மேலயேங்களா?”

ஈரச் சாக்குகளைக் கம்பால் மெல்லத் தள்ளிப் பாட்டில்களை மூடினேன். பிறகு நான் தலைமாட்டையும் அவர் கால்மாட்டையும் பிடித்தோம். கட்டிலோடு தூக்கினோம். அவர் முக்கி முனகியபடி தூக்கியதில் கட்டில் கூட்ஸ் வண்டி மாதிரி கடகடத்தது.

“மொனகாதீங்க. நான் ஒண்ணும் அத்தனை கனமில்ல,” என்றார் ராமாமணி. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

ஆறு அடிதான். அறுபது மைல் நடந்த மாதிரி இருந்தது. எதிர்ச் சுவரோரம் கட்டிலை வைத்தோம். உடனே அடுத்தது வெடித்தது. சாக்கு ஒரு முழம் எம்பி விழுந்தது. கோவிந்தராஜுலு என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

ராமாமணி வயிற்றில் கை வைத்தார்.

“ஒதைக்குதுங்க,” என்றார். “சத்தத்துக்கு நல்லா ஒதைக்குதுங்க!” அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

மிச்சப் பத்தையும் நான் உடைக்கிறேன் என்றேன். கோவிந்தராஜுலு விடவில்லை. தலையில் என் இரும்பு வாளி, மேலெல்லாம் சாக்கு. ரயிலுக்கு அஞ்சாத அந்த விரல் நடுங்க நடுங்கப் பத்துக் கோலியையும் அமுக்கியது. கடைசிச் சோடாவை ஒரு மடக்கு மட்டும் டம்ளரில் ஊற்றி, வாளியைக்கூடக் கழற்றாமல் கொண்டுபோய் நீட்டினார்.

ராமாமணி குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

“இன்னுங் கொஞ்சம் காரம் வேணுமுங்க.”