இரண்டு பேருக்கும் தலையாட்டியவன்

இந்தத் தீவில் ஆடுகளைக் கட்டிப்போடும் பழக்கம் இல்லை. அதுபாட்டுக்கு ரோட்டில் போகும், சர்ச்சுக்குள் போகும், நம் வீட்டு வாசலுக்கும் வரும். வந்து பத்து வருஷமாகியும் எனக்கு இன்னும் பழகாத விஷயம் இதுதான். போன தேர்தல் நேரம் ஒருநாள் காலையில் கதவைத் திறக்கிறேன், முற்றத்தில் ஓர் ஆடு நின்றுகொண்டு மிஸ் வெர்னாவின் முகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அட்டையில் அச்சடித்த முகம்தான். நாடியும் வாயும் ஏற்கெனவே போய்விட்டன, மூக்கில் கை வைத்திருந்தது. பக்கத்தில் நட்டிருந்த மிஸ்டர் டெஸ்மண்டின் நீல அட்டையை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. "போச்சுடா! நான்தான் ஆட்டைப் பழக்கி விட்டேன்னு சொல்லப் போறாங்க" என்று கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு துரத்தினேன்.

ஒரே முற்றத்தில் இரண்டு கட்சி அட்டைகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். இரண்டு பேருக்கும் நான் தலையாட்டியிருந்தேன், அதனால் வந்தன. அதைவிடப் பெரிய கூத்து, எனக்கு இங்கே ஓட்டே கிடையாது.

விளங்கச் சொல்கிறேன். இது கரீபியன் கடலில் இருக்கிற சின்னஞ்சிறு தீவு. தனி நாடு இல்லை, இன்னும் இங்கிலாந்துக்காரர்களுக்குச் சொந்தம். கவர்னர் அங்கேயிருந்து வருவார். மற்றவர்களை ஊர்ச்சனம் தேர்ந்தெடுக்கும். எங்கள் தொகுதி முழுவதையும் கூட்டி வந்து இலங்கையில் என் சொந்தத் தேயிலைத் தோட்டமான ஸ்பிரிங்வெளியின் பெரட்டுக் களத்தில் நிறுத்தினால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வந்த கூட்டம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் சத்தம்! பாட்டுப் பெட்டி கட்டின லாரி, சங்கு ஊதுகிறவர்கள், மஞ்சள் சட்டை, நீலச் சட்டை, கார் நிறுத்துமிடத்தில் பொரித்த கோழியோடு கூட்டம். மேடையில் ஏறினால் எதிராளி மூன்றாம் வகுப்பில் யாருடைய பென்சிலைத் திருடினார் என்பதுவரை வெளியே வரும். வராமல் எப்படி? எதிரெதிரே போட்டியிட்ட மிஸ் வெர்னாவும் மிஸ்டர் டெஸ்மண்டும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, இவர் பேக்கரிக்காரர். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் என் வாடகை வீடு. தலைவிதியைப் பாருங்கள்.

இங்கே ஓட்டுப்போட 'பிலோங்கர்' ஆக இருக்க வேண்டும். இந்த மண்ணுக்கு உரியவர் என்று அர்த்தம், சட்டத்திலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. நான் வொர்க் பெர்மிட்டில் இருக்கிற ஹோட்டல் சமையல்காரன். இலங்கையில் எல்ல என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் என்னோடு வேலை செய்த மேனேஜர் இங்கே வந்து, "ராஜா, கடல் இருக்கு, சம்பளம் இருக்கு, வா" என்றார். வந்தேன். பெர்மிட்காரன் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. என் மனைவி கமலாவும் மகளும் ஸ்பிரிங்வெளியில்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போய் முகம் காட்டிவிட்டு வருகிறேன்; போன தடவை மகள் என்னை விட ஒரு விரல்கடை உயர்ந்து நின்றாள். பத்து வருஷம் முடிந்தால் பிலோங்கராக விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் அவர்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஊர்க்காரர் இரண்டு பேர், இவன் யோக்கியன் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும். நான் மனசுக்குள் குறித்து வைத்திருந்த இரண்டு பேர் யார் தெரியுமா? சாட்சாத் இந்த அம்மாவும் இந்த ஐயாவும்தான்.

இப்போது தலையாட்டின கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் வெர்னா மஞ்சள் தொப்பியோடு வந்து, "மிஸ்டர் ராஜா, உன்னை நான் நம்பலாம்தானே?" என்றார். எனக்கு வாயில், "மேடம், எனக்கு ஓட்டு இல்லை" என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைதான் முந்திக்கொண்டு ஆடியது. அந்தத் தலையைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்! லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த தலை அது. நம் லயத்துக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் மாலை போடுவோம், பொட்டு வைப்போம், "ஒங்களுக்குத்தாங்க" என்போம். அவர் வண்டி வளைவில் திரும்புமுன் அடுத்த வண்டி வரும், அவருக்கும் "ஒங்களுக்குத்தாங்க". பெட்டிக்குள் போடுவது நமக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த காரியம். வாசலுக்கு வந்து கேட்கிற மனுஷனை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி அனுப்ப எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதனால் சாயந்தரம் நீலத் தொப்பியோடு மிஸ்டர் டெஸ்மண்ட் வந்தபோதும் அதே தலை அதே மாதிரி ஆடியது.

ஆனால் இங்கே தலையாட்டினால் லிஸ்ட்டில் எழுதிக்கொள்கிறார்கள். மறுநாளே அட்டை நடுகிறார்கள். அப்போதே ஒன்பது வருஷமாக இருக்கிறேன், யார் வீட்டுச் சாவு என்றாலும் நான்தான் சமைக்கிறேன், அதனால் எனக்கு எப்போதோ பிலோங்கர் பத்திரம் கிடைத்திருக்கும் என்றே இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். மறுத்துச் சொல்ல எனக்குத் தினமும் வாய்ப்பு வந்தது. சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஓட்டுக் கேட்டு ஒருத்தர் என் வாசலில் தொப்பியைக் கழற்றி நிற்பது, என் முற்றத்தில் அட்டை நடுவதற்கு அடித்துக்கொள்வது, இதெல்லாம் பிடித்திருந்தது.

அது எங்கள் அப்பாவிடமிருந்து வந்த ஆசையாகவும் இருக்கலாம். அப்பா கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை செய்தவர். இலங்கையிலேயே பிறந்து, நாடில்லாதவர் என்ற பேரோடு பாதி ஆயுசைக் கழித்தவர். பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்து முதல் தேர்தல். விடியுமுன்னே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாகப் போய் நின்றார். திரும்பி வந்து, "போட்டுட்டேன்டா! கட்டத்துல புள்ளடியும் போட்டுட்டேன், கீழ நல்லா கையெழுத்தும் வச்சிட்டேன்" என்றார். அம்மா பானையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார். "கையெழுத்தா? அதுல யாருங்க கையெழுத்து வைக்கச் சொன்னா?" "அது எப்படிடி, கவர்மெண்டுக் காகிதத்த கையெழுத்து இல்லாமக் குடுக்குறது? மரியாதையா இருக்குமா?" பத்திரத்துக்காகவே கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாறியவர் அவர், அந்தக் கையெழுத்தை வைக்க வேறு எங்கே போவார்! அந்த ஓட்டுச் செல்லாது என்று தோட்டத் தலைவர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கடைசிவரை நம்பவில்லை. "என் கையெழுத்து இருக்குற ஓட்டு செல்லாதுன்னா, பின்ன யாரு ஓட்டுடா செல்லும்?" என்பார். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

தேர்தல் நாள் வந்தது. காய்ச்சல் என்று படுத்துவிடலாம் என்று போர்வையை இழுத்து மூடினேன். ஏழு மணிக்கே மஞ்சள் ரிப்பன் கட்டிய ஜீப்பில் மிஸ் வெர்னா வந்து ஹார்ன் அடிக்கிறார். பின்னாலேயே நீலக் கொடியோடு டெஸ்மண்டின் பேக்கரி வேன். "என் வண்டியில் ஏறு." "ஏன், என் வண்டிக்கு என்ன?" "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, நான் நடந்தே வர்றேன்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. நடு ரோட்டில் நான் நடக்க, வலப்பக்கம் ஜீப்பும் இடப்பக்கம் வேனும் ஆமை வேகத்தில் ஊர்ந்து வந்தன. பின்னால் இரண்டு ஆடுகள். கவர்னருக்குக்கூட அப்படி ஓர் ஊர்வலம் நடந்திருக்காது.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். மேசையில் இருந்த அதிகாரி ஒரு சின்னப் பெண், மிஸ் வெர்னாவிடம் படித்தவள். லிஸ்ட்டை மேலிருந்து கீழ் பார்த்தாள், கீழிருந்து மேல் பார்த்தாள். "மன்னிக்கணும், பெயர் இல்லை" என்றாள். அவ்வளவுதான். வாசலில் நின்ற இரண்டு வேட்பாளர்களும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள்.

"பெயர் இல்லையா? கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார், பிள்ளை!" என்றார் மிஸ் வெர்னா. "இவன் எங்கள் ஆள். ஒன்பது வருஷமாக எங்கள் சாவுக்கெல்லாம் சமைத்தவன்."

"என் அம்மா செத்த அன்று என் தம்பியைவிட அதிகமாக அழுதவன் இவன்!" என்றார் டெஸ்மண்ட்.

அன்றைக்கு நான் எட்டுக் கிலோ வெங்காயம் உரித்தேன், அது வேறு விஷயம். ஆனால் மூன்று மாதமாக முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர் தோளோடு தோள் நின்று, எனக்காக அந்தப் பெண்ணைப் போட்டு வாட்டுகிறார்கள். வரிசையில் நின்றவர்களும், "அவன் பெயரை எழுதிக்கொள்ளேன், என்ன குறைந்துவிடும்?" என்கிறார்கள். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இதற்கு மேல் தாங்கவில்லை. மகளைக் கூட்டிவருகிற ஆசை இன்றோடு மண்ணாகப் போனது என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

"அந்தப் புள்ள மேல தப்பில்லை. நான் பிலோங்கர் இல்லை."

மிஸ் வெர்னா தொப்பியைக் கழற்றினார். "பிறகு ஏன் தலையாட்டினாய்?" வகுப்பில் கேட்கிற குரல்.

"நீங்க என் வாசலுக்கு வந்து கேட்டீங்க மேடம். என்கிட்ட ஓட்டுக் கேட்டு யாரும் வந்து ரொம்ப நாளாச்சு. இல்லைன்னு சொல்ல மனசு வரலை." எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இதைத்தான் சொன்னேன். "என்னிடமும்தான் ஆட்டினாய்!" என்றார் டெஸ்மண்ட். "ஆமாங்க. ஒங்ககிட்டயும் மனசு வரலை."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும். இரண்டு வேட்பாளர்கள் மட்டும் சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு அட்டைகளையும் பிடுங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் முடிவு. நாலு ஓட்டு வித்தியாசத்தில் மிஸ் வெர்னா வென்றிருந்தார். அவர் சந்தோஷமாக இல்லை, கையில் லிஸ்ட்டோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். பின்னால் டெஸ்மண்ட், அவர் கையிலும் லிஸ்ட். இரண்டு பேரும் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தங்களுக்குத் தலையாட்டியவர்களைக் கூட்டிப் பார்த்தார்கள். தொகுதியில் இருக்கிற மொத்த ஆட்களைவிட ஐம்பது பேர் கூட வந்தது. கணக்கை இரண்டு தடவை போட்டார்கள். "வெர்னா, இந்த ஊரே ரெண்டு பக்கமும் ஆட்டியிருக்கு" என்றார் டெஸ்மண்ட் மெதுவாக. அந்த அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். "ஒன்பது வருஷத்தில் நன்றாகத்தான் எங்களைப் படித்திருக்கிறாய்" என்றார். அது நான் ஸ்பிரிங்வெளியிலிருந்து கொண்டுவந்த பாடம் என்று சொல்ல அது நேரமா! தேத்தண்ணி ஊற்றினேன். குடித்துவிட்டு, பிலோங்கர் விண்ணப்பத்துக்குக் கடிதம் தருவதாக அவர்களே சொன்னார்கள். டெஸ்மண்ட் எழுதியதை வாசித்துப் பார்த்தேன்: "இவர் எனக்கு வாக்களிப்பதாகச் சொன்னார். என் சகோதரிக்கும் சொன்னார். இவரை எங்களில் ஒருவராகக் கருத எந்தத் தடையும் இல்லை." அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

போன மாதம் பத்து வருஷம் முடிந்தது. காலை ஆறரை மணிக்கு மேசையில் விண்ணப்பத்தை விரித்து, பெயரை எழுதி, மனைவி பெயரையும் மகள் பெயரையும் எழுதினேன். போன் வந்தது. கமலா. அங்கே சாயந்தரம் நாலு மணி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"என்னங்க, ஜி.எஸ். ஐயா வந்திருக்காரு, வோட்டர் லிஸ்ட்டுப் பதிய. நீங்க இருக்கீங்களான்னு கேக்குறாரு. இல்லைன்னா பேர வெட்டிருவாராம். என்ன சொல்ல?"

ஜி.எஸ். என்றால் ஊர்ப் பதிவெல்லாம் பார்க்கிற கிராம சேவகர். பேனா கையில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய கோடு முன்னால் இருக்கிறது. வெட்டச் சொல் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, நியாயமும் அதுதான். ஆனால் அப்பா பாதி ஆயுசு காத்திருந்து வாங்கின பேர் அல்லவா அந்த லிஸ்ட்டில் இருக்கிறது? வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"வெட்ட வேணாம்னு சொல்லு. பக்கத்துல பதுளைக்குத்தான் போயிருக்கேன், வந்துருவேன்னு சொல்லு."

"ஒவ்வொரு வருஷமும் அதத்தாங்க சொல்றேன். பத்து வருஷமா நீங்க பதுளை டவுன்லதான் இருக்கீங்க."

"அவரு என்ன சொல்றாரு?"

"அவரும் தலைய ஆட்டிட்டு எழுதிக்கிட்டுப் போறாரு." கமலா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்த விண்ணப்பப் பாரம் எழுதிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டு இருக்கேன். ஒன் பேரு, புள்ள பேரு எல்லாம் போட்டாச்சு."

"அது சரி. நாங்களும் அங்க வந்துட்டா, எல்லாரும் பதுளைக்குப் போயிருக்கோம்னு ஜி.எஸ். ஐயாகிட்ட யாருங்க சொல்லுவா?"