ஒரு குறை சொல்லு

கடையில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளக் கவரின் மேல் மட்டும் இருந்தது. பெண்கள் துணிப் பிரிவில் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று, வருகிறவர்கள் கேட்பதை எடுத்து உதறி விரித்துக் காட்டி, வேண்டாம் என்று தள்ளியதை மறுபடி மடித்து அடுக்குவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவள். இரண்டு பிரசவத்துக்கு லீவு போட்டதோடு சரி. கை அப்படியே பழகிப்போய்விட்டது. வீட்டில் செய்தித்தாள், காய்கறி வந்த பை, கணவர் கழற்றிப் போட்ட சட்டை, எது அகப்பட்டாலும் மடிப்பாள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாளின் மடியிலிருந்த துண்டை மடித்து வைத்து, அந்த அம்மாள் கண் விழித்ததும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இத்தனை வருடத்தில் தொழிலில் அவள் கெட்டியாகத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. குறை சொல்கிறவர் வாங்குவார். புகழ்கிறவர் வாங்க மாட்டார். கை நீளம், கழுத்து இறக்கம், துவைத்தால் இந்தச் சாயம் நிற்குமா என்று மூக்கைச் சுளிக்கிறாளே, அவள் மனசுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நாலு இடம் போய் வந்தாகிவிட்டது என்று அர்த்தம். ரொம்ப அழகாக இருக்கிறது என்று வாய் நிறையச் சிரிக்கிறவளுக்கு அந்தத் துணியோடு எந்த உறவும் இல்லை. அடுத்த வார்த்தைக்குக் கைப்பையைத் தோளில் மாட்டிவிடுவாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் புகழ்ச்சியில் குளிர்ந்துபோய் நின்றுகொண்டிருக்கும்போதே மடிப்பக்கா துணியை மடிக்க ஆரம்பித்திருப்பாள்.

ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவளுக்குச் சொந்த வீட்டில்தான் வியாபாரம் படுத்துவிட்டது. பெரிய மகள் பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து அம்மா எடுத்த துணியைத் தொடுவதில்லை. குறையும் சொல்ல மாட்டாள், புகழவும் மாட்டாள். "வேணாம்மா" என்று ஒரே வார்த்தை, அதுவும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். கடைக்கே வராத வாடிக்கையாளரை என்ன செய்வது? மடிப்பக்காவின் வித்தை எதுவும் அவளிடம் பலிக்கவில்லை.

சின்னவள் அப்படியில்லை, தங்கமான பெண். எதை எடுத்து வந்து நீட்டினாலும் "சூப்பர்ம்மா" என்பாள். துணியை வைத்துக்கொள்வதிலும் அவளுக்கு அம்மாவின் பாங்கு. சாயம் போனது, பொத்தான் அறுந்தது என்ற பேச்சே கிடையாது. பெரியவளைப் பார்த்து எரிச்சல் வரும்போதெல்லாம் மடிப்பக்கா சின்னவளை நினைத்து மனசை ஆற்றிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டுப் பயணம் வந்து வாய்த்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். புது மாதிரி இயந்திரம் ஒன்றைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அவருடைய கம்பெனி அனுப்பியது. பயிற்சி முடிந்ததும் சில நாள் லீவு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பெண்களின் பரீட்சையும் முடிந்திருந்தது. சீட்டுப் பணத்தை எடுத்துக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். திரும்பி வந்ததும் பெரியவள் வேறு ஊரில் ஹாஸ்டலில் சேரப்போகிறாள். அவள் கொண்டுபோகும் பெட்டியில் தன் கையால் எடுத்துக்கொடுத்த உடுப்பு ஒன்றாவது இருக்க வேண்டும், அதை அவள் போட்டுக்கொள்ளவும் வேண்டும். மடிப்பக்கா விமானம் ஏறியதே அதற்காகத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

லீவின் இரண்டாம் நாள் காலையில் பெரியவள் கூட்டிக்கொண்டு போன கடை, கடை மாதிரியே இல்லை. உள்ளே போய் நின்றால் வாங்க என்று சொல்ல ஆள் இல்லை. கவுண்டரைத் தேடினாள், அதுவும் இல்லை. துணியெல்லாம் கம்பியில் தொங்கியது, அல்லது மேஜையில் கிடந்தது. எது வேண்டுமானாலும் நீயே எடுத்துக்கொள், எனக்கென்ன என்பதுபோல் இருந்தது. இங்கே யாரிடம் என்ன கேட்பது? கணவரைக் கேட்கலாம் என்றால் அவர் வாசல் எஸ்கலேட்டரிலேயே நின்றுவிட்டார். அதன் சத்தத்தில் ஏதோ சரியில்லையாம். மனுஷனுக்கு ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் அதுதான்.

முதலில் கையில் அகப்பட்ட மேல்சட்டைக்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை உள்பக்கம் மடங்கிக் கிடக்கும் என்று விரலை விட்டுத் துழாவினாள். இல்லை. பழுதான உருப்படி, பிரித்து வைக்க மறந்திருக்கிறார்கள் என்று அதைத் தனியாக எடுத்து வைத்தாள். அடுத்ததற்கும் ஒரு கை. வரிசை முழுக்க ஒரு கை. பெரியவள் வந்து, அது அப்படித்தான் என்று எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். அதற்குப் பக்கத்தில் கசங்கிய சட்டைகள் தொங்கின. கசங்கிப் போனவை இல்லை, கசக்கியே விற்கிறார்கள். தேய்த்தாலும் போகாதாம். வாழ்நாளெல்லாம் சுருக்கத்தோடு மல்லுக்கட்டியவள் ஒன்றை உள்ளங்கையால் அழுத்தி நீவிப் பார்த்தாள். "இதுக்கு நான் எதுக்கு இத்தனை வருஷம் மடிச்சேன்?" என்று சின்னவளைக் கேட்டாள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண்கள் இருவரும் ஆளுக்கொரு குவியலை அள்ளிக்கொண்டு போட்டுப் பார்க்கும் அறைக்குள் போனார்கள். மடிப்பக்கா வெளியே நின்றாள். நாற்காலி இருந்தது, ஆனால் துணிக்கடையில் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. பக்கத்து மேஜையில், போட்டுப் பார்த்து வேண்டாம் என்று விட்டவை மலையாகக் கிடந்தன. பாதி கால்சட்டைகள் உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தன. கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் நேராக்கினாள். அந்த ஒன்றோடு நிற்குமா? மேஜையின் ஒரு மூலை சுத்தமானதும் மனசு தெளிந்தது. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து குழம்பிக்கிடந்த தலைக்கு அப்போதுதான் கொஞ்சம் காற்று வந்தது.

ஒரு வெளிநாட்டு அம்மாள் கால்சட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து ஏதோ கேட்டாள். மொழி புரியவில்லை. ஆனால் அந்த அம்மாள் இடுப்பைத் தொட்டுக் காட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டாள், அது எந்த மொழியிலும் புரியும். மடிப்பக்கா போய்த் தேடி, அடுத்த அளவில் ஒன்றும் அதற்கும் பெரியதாக ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னதை மேலே வைத்தாள், மனசு நோகக் கூடாதே. அம்மாள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு ஒருத்தி வெளியே வந்து கையை விரித்தாள். மடிப்பக்கா வேண்டாம் என்று தலையாட்டி, நீலத்தில் எடுத்துக் கொடுத்தாள். கடையில் உண்மையிலேயே வேலை செய்கிற பெண் ஒருத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தாள். மேஜையைப் பார்த்தாள், மடிப்பக்காவைப் பார்த்தாள், கை நிறைய ஹேங்கர்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் குவியலின் அடியில்தான் அது கிடைத்தது. கரும்பச்சையில் நீளமான சட்டை, தோள் கொஞ்சம் தளர்வாக, பக்கத்துக்கு ஒரு பாக்கெட். பார்த்த உடனேயே பெரியவள் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போவது கண்ணில் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இளஞ்சிவப்பில், கழுத்தைச் சுற்றி மடிப்பு வைத்துச் சின்னவளுக்கு ஒன்று. இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டாள்.

பெரியவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது அம்மா தரையில் மண்டிபோட்டு, நீலக் கவுன்காரியின் ஓரத்தை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் இருவர் வரிசையில் காத்திருந்தார்கள். பெரியவள் கையிலிருந்த துணிகளை அப்படியே மேஜையில் போட்டாள். கத்தவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உனக்கு உலகத்துல எல்லா இடமும் உன் கடைதானாம்மா? இங்கயாவது எங்ககூட வந்திருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அப்பாவைத் தேடிப் போய்விட்டாள். மடிப்பக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தப்புச் செய்தோமா, நல்லது செய்தோமா, அதுவே அவளுக்குப் பிடிபடவில்லை. சின்னவளைக் கேட்டாள். "நீ பண்ணது நல்லாத்தான்மா இருந்துச்சு" என்றாள் சின்னவள். பெற்ற வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. தோளில் கிடந்த இரண்டையும் தயங்கித் தயங்கி பில் போட்டு வாங்கினாள்.

மத்தியானம் முழுக்கப் பெரியவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் ஹோட்டல் அறைக்குத் திரும்பியதும் மடிப்பக்கா பைகளைக் கட்டிலில் வைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத நூறு பேரிடம் வாய் ஓயாமல் பேசி விற்றவளுக்குத் தன் மகளிடம் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே திருப்பிவிடலாம் என்று மட்டும் சொல்லிப் பச்சைச் சட்டையை நீட்டினாள். "வேணாம்மா" வருவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

பெரியவள் வாங்கி உதறினாள். தோள் ஏன் இப்படி இறங்குகிறது என்றாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாக்கெட் எதற்கு இவ்வளவு பெரிசு, மூட்டை தூக்கவா என்றாள். இந்தப் பச்சைக்கு எந்தக் கால்சட்டை போடுவது, பொத்தான் என்ன இந்த நிறத்தில் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனாள். மடிப்பக்கா மூச்சு விடவில்லை. இந்த நேரத்தில் விற்கிறவள் வாயைத் திறக்கவே கூடாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரக் கணவருக்கு அதெல்லாம் என்ன தெரியும்?

"பிடிக்கலைன்னா குடுத்துடலாமேம்மா, எதுக்கு வீணா" என்றார்.

"யாருப்பா இப்ப குடுக்கச் சொன்னா?" என்று பெரியவள் திரும்பினாள். கழுத்தில் தொங்கிய விலை அட்டையைப் பல்லால் கடித்து அறுத்து, கட்டிலில் எறிந்தாள். சட்டையைக் கழற்றாமலே போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

மடிப்பக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விலை அட்டை அறுந்தால் விற்றதாகக் கணக்கு. அந்தச் சந்தோஷத்தோடேயே சின்னவளிடம் இளஞ்சிவப்பைக் கொடுத்தாள். சின்னவள் உடம்பின் மேல் வைத்துப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. கலர் சூப்பர்."

சொல்லிக்கொண்டே கைகளை உள்பக்கம் திருப்பி, கழுத்தை நேராக்கி, கடையிலிருந்து வந்த மடிப்பிலேயே மடித்தாள். விலை அட்டையை உள்ளே செருகினாள். பைக்குள் வைத்தாள்.

மடிப்பக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கைகளைப் பார்த்தபடியே நின்றாள். அவளுடைய கைகள்தான், அவள் கற்றுக்கொடுத்த மடிப்புதான். வீட்டில் சின்னவளின் அலமாரி நினைவுக்கு வந்தது. அடுக்கடுக்காக, சாயம் போகாமல், பொத்தான் அறாமல். பள்ளிச் சீருடையும் அந்தப் பழைய சாம்பல் நிற டீசர்ட்டும் தவிர இவள் உடம்பில் வேறு என்ன பார்த்தோம்? போன வருடம் எடுத்த ஊதா எங்கே போயிற்று? அதற்கு முந்தியது? எத்தனை சூப்பர்ம்மா. வராத வாடிக்கையாளருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில், உள்ளே வந்து புகழ்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவளைக் கவனிக்காமலே இருந்துவிட்டாளா? இல்லை, தானாகக் கற்பனை செய்துகொள்கிறாளா? ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இது என்ன கூத்து என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து இளஞ்சிவப்பை எடுத்து, மடிப்பைக் கலைத்து, இருவருக்கும் நடுவில் விரித்துப் போட்டாள்.

"இதுல ஒரு குறை சொல்லு" என்றாள்.

சின்னவள் சிரித்தாள். குறையெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

"இல்ல. ஒண்ணே ஒண்ணு. எது வேணாலும் சொல்லு."

சின்னவளின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஜன்னலோரம் பச்சைச் சட்டையில் இருந்த அக்காவைப் பார்த்தாள். விரித்துக் கிடந்த துணியைப் பார்த்தாள். கழுத்து மடிப்பை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"சொன்னா வருத்தப்பட மாட்டியேம்மா?"

வருத்தப்படுவாளா மாட்டாளா என்று மடிப்பக்காவுக்கே தெரியவில்லை. கை தன்பாட்டுக்குத் துணியின் ஓரத்தைப் பிடித்து மடிக்கப் போயிற்று. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு" என்றாள்.